கலைக்கு முதலிட்ட கை

கல்லூரி ஒன்றின் விழா மலரிலே திரைப்படத் தொழிலதிபர் ஒருவரைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று வினவுவார் உளராவர். நடிகரைப் பற்றி எழுதினால் மாணவர் விரும்புவர். புலவரைப் பற்றி எழுதினால் ஆசிரியர் மகிழ்வர். கணக்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் படத்தை எடுக்கலாம், இந்தப் படத்தை எடுத்தலாகாது என்று தீர்ப்புக் கூறும் ஒருவரைப் பற்றி யார் படிப்பர்? ஆயினும், அத்தகைய ஒருவரைப் பற்றியே எழுதத் துணிந்தோம். கலை வளர்வதற்குக் கலைஞன் மாத்திரம் போதான். அவனை நம்பிப் பொருளிடுவோனும் வேண்டும் என்பது எமது கருத்து. இதற்குச் சான்றாக விளங்குவது காலஞ்சென்ற கே. குணரத்தினம் அவர்களின் வாழ்க்கையாகும்.

மடுவைச் சார்ந்த நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1914ஆம் ஆண்டிலே தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கின. 1964 மார்கழியிலே புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, கொழும்பிலிருந்து அவ்வழியே சென்னைக்குச் சென்றோர் அனைவரும் மடு வீதி நிலையத்தைக் கடந்தே சென்றனர். இலங்கைத் திரைப்படத்தின் தொடக்க வரலாறும் அக்கரையோடு பிணைந்ததே. முதற் சிங்களப் பேசும் படமாகிய 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது மதுரையிலே படமாக்கப்பெற்று, 1947 தை மாதத்திலே கொழும்பில் திரையிடப்பெற்றது.

நாயகத்தின் பின் இத்துறையிற் பெருவளர்ச்சி கண்டவர் குணரத்தினம். 1950களிலும் 1960களிலும் இந்நாட்டின் படவினியோகத்தைச் சிலோன் தியேட்டர்ஸ், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ், சினிமாஸ் லிமிட்டெட் ஆகிய மூன்று நிறுவனங்களே பெரும்பாலும் தம் கையில் வைத்திருந்தன. இவற்றுள் மூன்றாவதைக் கட்டியெழுப்பியவர் இவர். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை அமைத்தவரும் இவரே. 1953இல் இவர் தயாரித்த 'சுஜாதா' என்னும் சிங்களப் படம் மக்களிடையே பெருவரவேற்பைப் பெற்றது.

இவர் எடுத்த படங்கள் யாவும் உயர்ந்தவை என்று நாம் வாதிட வரவில்லை. இந்தியப் படங்களின் சாயலிலே பாட்டும் கண்ணீரும் கலந்து சமைக்கப்பட்டவை அவற்றுட் பல. ஆனால் ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் எடுத்து நோக்குவோம். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வை எடுத்தார். ஸ்டூடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்திலே படமாக்கப்பெற்ற அப்படம் கான் விழா வரை சென்றது, அறிஞர் போற்றினர். ஆனால் உள்ளூரிலே வசூல் இல்லை. அதன்பின் சில ஆண்டுகள் அவ்வியக்குநருக்கு அடுத்த படம் வாய்க்கவில்லை. நட்டமடைந்த ஒருவரிடம் மறுபடியும் பணத்தைக் கொடுப்பது வணிகர் வழக்கமன்று. குணரத்தினமோ கொடுத்தார். 1960இல் 'சந்தேசய' வெளிவந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். 1963இல் பீரிஸ் உருவாக்கிய 'கம்பெரலிய' 1965இலே புதுடில்லியிலே தங்கமயில் விருதைப் பெற்றது. அப்படத்திற்கு முதலிட்டவர் குணரத்தினம் அல்லர். ஆயினும், பலரும் கைவிட்ட வேளையில் ஒருவர் நீட்டிய கையினாலேயே அவ்வியக்குநர் மறுபடியும் நடக்கத் தொடங்கினார் என்பதை எவர் மறுப்பர்?

இனி, எம் நெஞ்சை உறுத்தும் ஒரு வினாவுக்கு வருவோம். நாயகமும் குணரத்தினமும் தமிழர். சிங்களத் திரையை வளர்த்த இவர்கள் போன்றோர் கையில் ஈழத்துத் தமிழ்த் திரை ஏன் அவ்வாறு வளரவில்லை? இதனை இனப்பற்றின்மை என்று சிலர் இகழ்வர். அவ்விகழ்ச்சியை நாம் ஏற்கோம். சிங்களப் படம் வேண்டுமாயின் அதனைத் தயாரித்தே ஆகவேண்டும். வேறெங்கும் வாங்க இயலாது. தமிழ்ப் படமோ சென்னையிலே ஆயத்தமாக இருந்தது. கோடிக்கணக்கானோரை எண்ணிப் பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட படத்தின் உரிமையைச் சிறுதொகைக்குப் பெற்றுப் படமாளிகையில் ஓட்டலாம். அதனோடு போட்டியிட்டு இங்குள்ள சிலருக்காக ஒரு படத்தை எடுப்பதென்றால், அது கடலோடு மல்லுக்கு நிற்பதை ஒக்கும். எனவேதான் 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என 1960களின் தொடக்கத்தில் எழுந்த முயற்சிகள் தளர்நடையே நடந்தன. குற்றம் தனிமனிதருடையதன்று. அக்கரைப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்து, இக்கரைப் படத்தை ஏளனஞ் செய்த எமக்கும் அதிலே பங்குண்டு.

1972இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியபோது, படங்களின் இறக்குமதியும் வினியோகமும் தனியார் கையை விட்டு நீங்கின. அதனிலும் பேரிடி 1983 ஆடிக் கலவரத்திலே வீழ்ந்தது. விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் சாம்பராயின. எரிந்தவை தமிழர் ஒருவரின் சொத்து மாத்திரமோ? சிங்கள மக்கள் கண்டு களித்த சிங்களப் படங்களுமன்றோ அவை! 1989 ஆவணியிலே குணரத்தினமும் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று திரையின் இடத்தைத் தொலைக்காட்சி பெரிதும் பிடித்துக்கொண்டது. 1979இலே கொழும்பைச் சூழ்ந்த சிறுவட்டாரத்திலே தொடங்கிய ஒளிபரப்பு, 1982இலே ரூபவாஹினியாக விரிந்தது. 1998இல் மகாராஜா நிறுவனத்தின் சக்தித் தொலைக்காட்சி தமிழிலே எழுந்தது. கருவிகள் மாறின, நிர்வாகியின் வினா மாறவில்லை. கடல் கடந்து வரும் ஆயத்தத் தொடரை வாங்குவதா, உள்ளூர் இளைஞனை நம்புவதா? வாங்குவது மலிவு, நம்புவது துணிவு.

எமது கல்லூரிக்கும் பழைய மாணவர்க்கும் நாம் கூறவிரும்புவன இரண்டு. முதலாவது, கணக்கியலும் வணிகமும் கற்கும் மாணவர்க்குக் கலைத்தொழிலின் நிர்வாகமும் மதிப்புக்குரிய தொழிலே என்று உணர்த்துதல் வேண்டும். வைத்தியரும் பொறியியலாளரும் ஆகாதவனே அத்துறைக்குச் செல்வான் என்னும் எண்ணம் ஒழிக. பழைய மாணவர் ஒரு சிறுநிதி சேர்த்து, ஆண்டுதோறும் மாணவர் குழுவொன்றுக்குக் குறும்படம் எடுக்கக் கடனாக உதவுவாராக. நன்கொடையாக அன்று, கடனாகவே. வரவு செலவைக் காட்டித் திருப்பித் தரும் பொறுப்பிலேதான் நிர்வாகி உருவாவான். இரண்டாவது, எடுத்தவற்றைக் காத்தல். ஒரே படியை ஒரே இடத்தில் வைத்தலாகாது என்பது ஹெந்தளையிலே எரிந்த நெருப்புக் கற்பித்த பாடம். ஒவ்வொரு படத்தின் படியும் வெவ்வேறு ஊர்களில் இரண்டு மூன்று இடங்களிலேனும் இருத்தல் வேண்டும்.

எடுப்பதற்குக் கதை இல்லையோ? 1990 முதலாகப் போரினால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் மடுவிலே தஞ்சம் புகுந்து மரநிழலில் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் இன்று எம்மிடையே பெற்றோராய் உள்ளனர். ஆவணித் திருவிழாவிலே தமிழரும் சிங்களவரும் ஒரே காட்டிற் கூடாரமிட்டு ஒரே குளத்து நீரைப் பருகுகின்றனர். நின்றுபோன புகையிரதம் 2013இலே மடு வீதி வரை மீண்டும் வந்தது; 2015இலே தலைமன்னாரை எட்டியது. இக்கதைகளைச் சென்னையிலிருந்து எவரும் எமக்கு அனுப்பி வைக்கப் போவதில்லை. சொல்லத் தெரிந்த இளைஞர் எம்மிடையே உளர். அவர்களை நம்பிக் கணக்கேட்டைத் திறக்கும் ஒரு கையே இப்போது வேண்டுவது. அக்கை எமது பழைய மாணவர் ஒருவருடையதாக அமைக.