ஐரிஷ் ஸ்டூவும் அதன் உண்மைச் சுவையும்

ஒரு தேசத்தாரின் இயல்பை அறிய விரும்புவோர் அவர்தம் மாளிகைகளையும் நூல்நிலையங்களையும் கண்டதனோடு அமையாது, அவர்தம் அடுப்பங்கரையையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். அயர்லாந்து தேசத்தை அவ்வாறு ஆராயப் புகுவோர் முதலிற் காண்பது ‘ஐரிஷ் ஸ்டூ’ என்னும் உணவேயாம். இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றை ஒரே பானையிலிட்டு, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்து எடுப்பது இது. நம் நாட்டு மேல்கரையில் ஆப்பத்துடன் உண்ணப்படும் ‘இஷ்டு’ என்பதன் பெயர் ‘ஸ்டூ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபேயாதலின், பெயரளவில் இது நமக்கு முற்றும் அயலானதன்று.

இவ்வுணவைக் குறித்து இரு கட்சியார் உளர். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், நீர் என்னும் இவையன்றிப் பிறிதொன்றும் சேர்த்தலாகாது, காரட் இடுதலுங் குற்றமே என்பார் ஒரு சாரார். மாட்டிறைச்சியும், டப்ளின் நகரில் 1759-ஆம் ஆண்டில் ஆர்தர் கின்னஸ் தொடங்கிய ஆலையில் வடிக்கப்படுவது போன்ற ‘ஸ்டௌட்’ என்னும் கரிய பீரும் சேர்ந்தாலே நிறைவாகும் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கைச் சரித்திரத்தின் முன் நிறுத்திப் பார்த்தால் இரு சாராரும் மறந்ததொன்று புலனாகும்.

அயர்லாந்து பசும்புல் செழித்த நாடு. மாடுகள் பல்கிப் பெருகும் நாடு. ஆயினும் அம்மாடுகளின் இறைச்சி அவற்றை மேய்த்தோர் வாய்க்கு எட்டியது அரிது. பதினேழாம் நூற்றாண்டில், அயர்லாந்திலிருந்து மாடுகள் தங்கள் நாட்டிற்குள் வருவதை ஆங்கிலேயப் பார்லிமெண்டு சட்டமியற்றித் தடுத்தது. அதனால் வணிகர் இறைச்சியை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து, கார்க் துறைமுகத்தின் வழியே கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பினர். ஏழைக் குடியானவன் உண்டதோ உருளைக்கிழங்கும் மோருமே. எப்போதாவது அவன் பானையில் இறைச்சி விழுந்தால், அது கம்பளிக்கும் பாலுக்கும் உதவி ஓய்ந்த கிழட்டாட்டின் இறைச்சியாகவே இருந்தது. அதனை மென்மையாக்க நெடுநேரம் வேகவைத்தலையன்றி வேறு வழியில்லை. அவன் குடிசையில் இருந்த பாத்திரமும், பீட் என்னும் சதுப்புநிலக் கட்டிகள் கனலும் அடுப்பின்மேல் தொங்கவிட்ட இரும்புப் பானை ஒன்றே. ஸ்டூ பிறந்த வரலாறு இதுவேயாம்.

1845-ஆம் ஆண்டில் ஒருவகைப் பூஞ்சை போன்ற நோய் உருளைக்கிழங்குப் பயிரைப் பற்றியது. கிழங்குகள் மண்ணிலேயே அழுகின. 1852 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். பத்து லட்சத்துக்குக் குறையாதோர் கப்பலேறி அயல்நாடு சென்றனர். 1841-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எண்பத்தொரு லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை, 1851-இல் அறுபத்தைந்து லட்சமாகக் குறைந்தது. அவ்வாண்டுகளிலுங்கூட அந்நாட்டு மாடுகளும், தானியமும், வெண்ணெயும் கப்பலேறிக்கொண்டே இருந்தன என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் பதறுகின்றது.

ஆகவே, மாட்டிறைச்சி ஸ்டூவைப் ‘பண்டைக் குடியானவர் உணவு’ என்று புகழ்வோர் சரித்திரம் அறியாதவர். அது போலி என்று இகழ்வோரும் நீதி உணராதவர். தான் வளர்த்த மாட்டின் இறைச்சியைத் தன் பானையிலிட ஒருவனுக்குப் பிற்காலத்தில் இயலுமாயிற்று என்றால், அதனைப் போலி என்பது எங்ஙனம் பொருந்தும்? அது காலந்தாழ்ந்து கைவந்த உரிமையேயன்றோ? ஆயினும் அவ்வுரிமையைப் பெற்ற பானை தன் பழைய பண்பை இழத்தலாகாது. மலிந்த பொருளையும் மிகுந்த பொறுமையையும் கொண்டு சுவை படைத்தலே அப்பண்பு.

இதனை இல்லத்திற் செய்யும் முறை எளிது. மாட்டின் தோட்பகுதி அல்லது கால்தசை 1 கிலோ எடுத்துப் பெருந்துண்டுகளாக நறுக்கி, ஈரம் போக ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தூவுக. கனத்த பாத்திரத்தில் சிறிது கொழுப்பைக் காயவைத்து, துண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டு எல்லாப் புறமும் சிவக்க வறுக்க. ஒருங்கே கொட்டினால் நீர்விட்டுப் புழுங்குமேயன்றிச் சிவவாது. பின்னர் பெரிய வெங்காயம் மூன்றை நறுக்கி வதக்கி, ஒரு கரண்டி கோதுமை மாவு தூவி, இறைச்சி மூழ்க வெந்நீர் ஊற்றி, தைம் தழையும் பிரிஞ்சி இலையும் இட்டு மூடுக. நீர் தளதளவென்று கொதித்தலாகாது. ஆங்காங்கே ஒரு குமிழி எழுந்தடங்கும் அளவில் தீயிருத்தல் வேண்டும். ஒன்றரை மணி நேரம் சென்றபின் காரட்டும், மேலும் அரைமணி கழித்து உருளைக்கிழங்கு 1 கிலோவும் சேர்த்து, யாவும் குழைய வெந்தபின் பார்ஸ்லி தூவி இறக்குக. மாவாகக் கரையும் கிழங்கு சில இட்டால் சாறு தானே கெட்டிப்படும். மறுநாள் சூடாக்கி உண்டால் சுவை மிகும்.

இறைச்சியை முதலில் வறுத்தல் அதன் சாற்றை உள்ளே அடைத்துவைக்கும் என்னும் கருத்து, ஜெர்மானிய ரசாயனியாகிய லீபிக் 1847-இல் எழுதியதனாற் பரவியது; அது தவறென்று பின்னர்த் தெளிவாயிற்று. வறுத்தலின் பயன் வேறு. மிகுந்த வெப்பத்தில் புரதமும் சர்க்கரையும் கூடிப் புதிய மணங்களைத் தருகின்றன. 1912-இல் மெய்யார் என்னும் பிரெஞ்சு ரசாயனி இதனை விளக்கினார். உழைத்த தசையிலுள்ள ‘கொல்லாஜன்’ என்னும் நார்ப்பொருள் மெல்லிய தீயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ‘ஜெலட்டின்’ ஆக உருகி, சாற்றிற்குக் கொழுமை தருகின்றது. விலையுயர்ந்த மென்தசையில் இந்நார் மிகக் குறைவு. அதனை இவ்வாறு வேகவைத்தால் உலர்ந்து சக்கையாகும். பணத்தை மிகுதியாகச் செலவிட்டவன் சுவை குறைந்த உணவையே பெறுகின்றான்! செல்வத்தால் விலைக்கு வாங்கவொண்ணாததொன்றை ஏழையின் பானை பொறுமையால் ஆக்கிக்காட்டியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மாட்டிறைச்சி உண்ணாதோர் நம் வாசகருள் பலர் உளர். அவர்கள் ஆட்டிறைச்சியைக் கொண்டு செய்யின் முதற் கட்சியாரின் பாராட்டையும் பெறுவர். ஸ்டௌட் வேண்டாதார் நீரையே ஊற்றுக. பழைய குடியானவனும் அதனையே ஊற்றினான். ஆனால், ‘நேரமில்லை’ என்று தீயை மிகுப்பாரையும், ‘சமைத்தல் பெண்டிர் தொழில்’ என்று விலகி நிற்கும் வாலிபரையும் நாம் ஒப்புக்கொள்ளல் இயலாது. இரும்புப் பானை ஒன்றன்முன் மூன்று மணி நேரம் தீயைக் காத்திருக்கக் கற்றவன், உணவின் அருமையையும் அது கிடையாதோரின் துயரையும் ஒருங்கே அறிவான். கல்லூரியிற் கற்கும் சரித்திரமும் ரசாயனமும் ஒரு கிண்ணத்துள் கூடிநிற்பதை அவன் தன் கையாலேயே பரிமாறுவான். இத்தகைய கல்வியை நம் மாணவர் எவரும் இகழாதிருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.