கம்ப்ரஸர் வாங்குதல் பற்றி ஓர் அபிப்பிராயம்

பொம்மிடி என்றதும் நம்மிற் பலர்க்கு நினைவுக்கு வருவது அதன் இரயிலடியே. ஜோலார்ப்பேட்டையிலிருந்து சேலத்திற்குச் செல்லும் இருப்புப் பாதையில், சேர்வராயன் மலைச் சாரலுக்கு அணித்தாய் அமைந்த அவ்வூரில், இக்கல்லூரியின் பழைய மாணவராகிய யாம் ஐவர் சேர்ந்து ஓர் ஒலிப்பதிவு அறை அமைக்க முற்பட்டிருக்கின்றோம். சுற்றுப்புறத்துத் தெருக்கூத்துப் பாட்டுகள், நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, ஆலயப் பாடகர் குழாத்தார் பாடும் கீர்த்தனைகள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கவேண்டுமென்பதே எமது நோக்கம். கையிலுள்ள பொருளோ சிறிது. அதிற் பெரும் பங்கைக் கம்ப்ரஸர் என்னும் ஒரே கருவிக்குச் செலவிடலாமா, ஆகாதா என்று எம்முள் எழுந்த வாதம் ஐந்தாறு மாதங்கள் நீடித்தது. இப்போது படிக்கும் மாணவருள்ளும் ஒலிப்பதிவில் நாட்டமுடையார் பலர் உளராதலின், அவ்வாதத்தில் யாம் அடைந்த முடிபை இம்மலரில் எழுதலானோம்.

கம்ப்ரஸர் செய்யும் வேலையை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு பாட்டியார் தாலாட்டை மெல்லத் தொடங்குங்கால் குரல் 50 டெஸிபல் அளவினதென்றும், ஒப்பாரியில் நெஞ்சு வெடிக்கக் கதறுங்கால் 80 டெஸிபல் என்றும் கொள்வோம். கருவிக்கு 60 டெஸிபல் என்று ஓர் எல்லை வகுத்து, நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் அமைத்துவிட்டால், எல்லையைக் கடந்த ஒவ்வொரு நான்கு டெஸிபலும் ஒன்றாய்ச் சுருங்கும். 80 என்பது 65 ஆகிவிடும். 50 என்பது அவ்வாறே நிற்கும். பின்னர் முழுவதையும் 15 டெஸிபல் உயர்த்துவர். இப்போது கதறல் பழையபடி 80. மெல்லிய குரலோ 65. முப்பது டெஸிபல் வேற்றுமை பதினைந்தாய்க் குறைந்தது. எல்லாச் சொல்லும் தெளிவாய்க் கேட்கும். நன்றுதான். ஆயின் அறையில் 30 டெஸிபலில் பதுங்கியிருந்த மின்விசிறியின் இரைச்சலும், தொலைவிற் போகும் சரக்கு வண்டியின் உறுமலும் 45 டெஸிபலாய் எழுந்து முன்னே வந்து அமரும் என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. பொம்மிடியில் இது சிறு செய்தியன்று.

இக்கருவி பிறந்த காரணத்தை நோக்கினால் இதன் குணம் இன்னும் விளங்கும். 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியார் 110ஏ என்ற கருவியை வானொலி நிலையங்களுக்கென வெளியிட்டனர். பேசுவோர் திடீரெனக் குரலை உயர்த்தினால் ஒலிபரப்பும் யந்திரம் அளவு கடந்து, கேட்போர் காதிற் கரகரப்பாய் முடியும். அதனைத் தடுப்பதே அதன் தொழில். இசைத்தட்டு வெட்டுவார்க்கும் இதே அச்சம் உண்டு. ஊசி பள்ளத்தை மிஞ்சி அடுத்த பள்ளத்திற் புகுந்தால் தட்டு பாழ். டேப் வந்த பின்னரும் மெல்லிய ஓசை டேப்பின் சீறலில் மூழ்கும், வல்லோசை டேப்பை நிறைத்துச் சிதையும். இரண்டுக்கும் இடையே கிடைத்த வெளி ஏறக்குறைய 60 டெஸிபல்தான். எனவே கம்ப்ரஸர் முதற்கண் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. குறுகிய வாயிலில் பெரிய பொருளை நுழைக்கும் உபாயமாகவே செய்யப்பட்டது. இன்று நூற்றுக்கணக்கான டாலர் விலையில் வரும் 24 பிட் பதிவுக் கருவியிலேயே 110 டெஸிபலுக்கு மேற்பட்ட வெளி கிடைக்கின்றது. வாயில் அகன்றுவிட்டது. உபாயத்தின் மீதுள்ள ஆசை மட்டும் குறைந்தபாடில்லை.

அவ்வாசைக்கும் நியாயமுண்டு என்பதை மறுக்கமாட்டோம். பழைய கருவிகளுட் சில, காவலுக்கு வந்தும் கலைஞராய் மாறிவிட்டன. அவற்றுள் எமக்கு மிகப் பிரியமானது டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.-2ஏ. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் லாரன்ஸ் என்பார் 1960-களில் ஆக்கியது. அதனுள்ளே ஒரு சிறு ஒளித்தகடு. அதனெதிரே ஒளி பட்டால் மின்தடை குறையும் ஓர் உணரி. குரல் ஓங்கினால் தகடு ஒளிரும். ஒளியைக் கண்ட உணரி குரலைத் தாழ்த்தும். குரல் தணிந்ததும் அது உடனே விட்டுவிடுவதில்லை. பாதியளவை ஏறக்குறைய ஒரு வினாடியில் பதினாறில் ஒரு பங்கிலேயே விட்டுவிட்டு, எஞ்சியதை ஒரு வினாடியிலிருந்து பதினைந்து வினாடி வரையில் மெல்ல மெல்ல விடும். ஒளி எவ்வளவு நேரம், எவ்வளவு வலிமையாய்ப் பட்டதோ அதற்கேற்ப விடும் காலமும் நீளும். நடந்ததை நினைவில் வைத்திருக்கும் கருவி என்றே சொல்லலாம். திருகுவதற்கு இரண்டு குமிழ்களே உண்டு, கற்பார்க்கும் எளிது. நீட்டிப் பாடும் குரலுக்கு இதனினும் இசைந்தது வேறில்லை என்பது எமது துணிபு.

அடுத்தது 1176. பில் புட்னம் என்பார் 1967-இல் வெளியிட்டது. இதில் வால்வு இல்லை. டிரான்ஸிஸ்டரே குரலை அடக்குகின்றது. பிடிக்கும் வேகம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் இருபது பங்கு முதல் எண்ணூறு பங்கு வரை. விடும் காலம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கிலிருந்து ஒரு வினாடிக்குச் சற்று மேல் வரை. 4, 8, 12, 20 என்று விகிதத்திற்கு நான்கு பொத்தான்கள். இந்நான்கையும் ஒருங்கே அமுக்கும் குறும்பு ஒன்று ஸ்டூடியோக்களில் வழக்காகிவிட்டது. ஆக்கியோன் அதனை எண்ணியிருக்கமாட்டான். தப்பு, பம்பை போன்றவற்றை இதனிடம் ஒப்புவிக்கலாம். ஆயினும் மிக விரைந்து பிடிக்கும்படி வைத்தால் தோலில் கோல் படும் முதல் வெடிப்பையே இது விழுங்கிவிடும். மிஞ்சுவது பானையைத் தட்டிய ஓசை. எம்மவருள் ஒருவர் இதனை நேரிற் செய்து காட்டி எங்களையெல்லாம் சிரிக்க வைத்தார். டேவிட் பிளாக்மர் நிறுவிய டி.பி.எக்ஸ். கம்பெனியாரின் 160 என்பது 1976-இல் வந்தது. எல்லையைக் கடந்ததும் சட்டென மடக்கும் கண்டிப்புடையது; தாள வாத்தியங்களுக்கு நன்று, குரலுக்குச் சற்றுக் கடுமை.

பேர்சைல்டு 670 என்று ஒன்றுண்டு. எஸ்தோனியாவிற் பிறந்த ரைன் நர்மா என்பாரின் படைப்பு. இருபது வால்வுகளும் ஏறத்தாழ முப்பது கிலோ எடையும் உடையது. அதைப் பற்றிப் பேசுதல், ஒட்டு வீட்டில் குடியிருப்போர் அரண்மனைத் தூண்களின் விலையை விசாரிப்பதை ஒக்கும். எஸ்.எஸ்.எல். கம்பெனியாரின் பெரிய மேசையில் வரும் கம்ப்ரஸர் முழுப் பாட்டையும் ஒன்றாய்ப் பிணைக்க உதவுவது. தனிக் குரலைப் பதிவார்க்கு அதனால் ஆவதில்லை.

இனி விலை. இன்று புதிதாய்ச் செய்து விற்கப்படும் எல்.ஏ.-2ஏ நான்காயிரம் டாலருக்கு மேல். கப்பற்கூலியும் சுங்கமும் வேறு. அதே சுற்றமைப்பைப் பின்பற்றிக் கிளார்க் டெக்னிக் என்னும் பெயரில் வரும் நகல் மூலத்தின் விலையிற் பத்திலொரு பங்கு அளவினதே. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் வேற்றுமை தெரியும். ஆயின் அவ்வேற்றுமை, நல்ல மைக்குக்கும் மட்டமான மைக்குக்கும் உள்ளதினும், ஓடு வேய்ந்த வெற்றறைக்கும் மெத்தை விரித்த அறைக்கும் உள்ளதினும் சிறியது. மேலும் அமெரிக்காவிலிருந்து பழைய கருவி தருவிப்பார் அது 115 வோல்ட்டுக்கு அமைந்ததா என்று பாராமல் நம் 230 வோல்ட்டில் இணைத்துவிட்டால், கருவி புகைந்து பணமும் புகையாய்ப் போம்.

நிற்க. எம் முடிபுக்கு உண்மையான காரணம் மேற்கூறிய கணக்குகளல்ல, வேறொன்று. மூன்று ஆண்டுகட்கு முன், அறை முதலிய எதுவும் இல்லாத காலத்தில், பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு மூதாட்டியாரை அழைத்து வந்து இரயிலடிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் ஒப்பாரி பாடச் செய்தோம். ஆர்வ மிகுதியால் ஒரு கம்ப்ரஸரை இரவல் பெற்று மைக்குக்கும் கணினிக்கும் இடையே இணைத்திருந்தோம். முள் இருபது டெஸிபல் வரையில் சாய்ந்தாடியதைக் கண்டு, கருவி நன்கு உழைக்கின்றதென மகிழ்ந்தோம். பாடி முடித்ததும் அம்மையார் கேட்க விரும்பினார். கேட்டார். "கொரலு என்னுதுதான் கண்ணு. ஆனா நான் எறங்கின எடமெல்லாம் காணோமே. ஒரே மட்டமா இருக்குது," என்றார். அவர் சொன்னதன் பொருள் எமக்கு அப்போது முழுதும் விளங்கவில்லை. வீட்டிற்குச் சென்று இரவில் கேட்டபோதே விளங்கிற்று. ஓலமிட்டு ஓங்கிய குரல், இறந்தார் பெயரைச் சொல்லுமிடத்து மூச்சுக்குள் ஒடுங்கும். அவ்வொடுக்கமே ஒப்பாரியின் உயிர். அதனைக் கருவி இழுத்து மேலே ஏற்றியிருந்தது. ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் அம்மையார் மூச்சு வாங்குவதும், அதனோடு ஒரு வண்டி கடகடத்துப் போவதும் பாட்டுக்குச் சமமாய் ஒலித்தன. மறுபடி பதியலாமென்றிருந்தோம். அடுத்த மாரிக்காலத்தில் அவர் காலமானார். பதிவுக்கு முன்னே அமுக்கியதைப் பின்னால் நிமிர்த்த வழியில்லை. கம்ப்ரஸர் தாண்டாத மூலம் என்று ஒன்று எம்மிடம் இல்லை. குற்றம் கருவியினதன்று, எம்முடையதே.

ஆகவே எமது அபிப்பிராயம் இது: பதியும்போது கம்ப்ரஸர் வேண்டா. குரலின் உச்சத்திற்கு மேல் பன்னிரண்டு டெஸிபலாவது வெளி விட்டு, உள்ளதை உள்ளவாறே பதிக. அமுக்கவேண்டுமாயின் பிறகு, மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, படி எடுத்து அதில் அமுக்குக. அதற்குக் கணினியில் நிரலாகவே எல்.ஏ.-2ஏ-யும் 1176-உம் கிடைக்கின்றன, பிடிக்காவிடின் நீக்கிவிடலாம்.

இதனை மறுத்த நண்பரின் வாதத்தையும் கூறாது விடுதல் முறையன்று. அவர் சென்னையில் சினிமா ஒலிப்பதிவில் சில காலம் பழகியவர். பாடுவார் காதணியில் தம் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகின்றார். கம்ப்ரஸர் வழியே வரும் குரல் நிறைவாய் ஒலித்தால் அவர் தளர்வின்றிப் பாடுவார். எனவே கருவி பாட்டையே மாற்றுகின்றது என்பது அவர் கூற்று. உண்மையே. அன்றியும் கோடம்பாக்கத்தின் வரலாறே தம் பக்கம் என்றார். பிரசாத் ஸ்டூடியோ போன்ற பெருங்கூடங்களில் வாத்தியக் குழு முழுதும் ஒருங்கே வாசித்த நாளில் கூடமே ஓசைகளைச் சமன்செய்தது. எஞ்சியதைப் பதிவாளர் கைப்பிடியை ஏற்றியிறக்கிச் சரி செய்தார். 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் அறையை அமைத்தது போன்ற மாற்றங்களின் பின், ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனியே, மைக்குக்கு மிக அணுக்கமாய்ப் பதியப்படும் வழக்கம் வலுத்தது. வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் மைக் இருந்தால் சிறு அசைவும் பெரு வேற்றுமையாகும்; அவ்விடத்தில் கம்ப்ரஸர் இன்றியமையாதது என்றார்.

அதற்கு யாம் கூறிய விடை எளியது. சினிமாப் பாட்டு முப்பது வாத்தியங்களுக்கு நடுவே நிற்கவேண்டிய குரல். கார் ஓட்டுவோரும் தேநீர்க் கடையில் நிற்போரும் கேட்கவேண்டியது. எம் மூதாட்டியார்க்குப் போட்டியாய் வாத்தியம் ஒன்றுமில்லை. மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தால் அசைவின் வேற்றுமையும் குறையும். இனிக் கூத்துக்காரர்க்குக் காதணியே ஆகாது. முகவீணையும் மிருதங்கமும் பக்கத்திலிருந்து நேரே கேட்டாலன்றி அவர்க்குப் பாட்டு எழாது. தொழில்முறையாய்ச் சினிமாவுக்குப் பதிவார் கருவி வாங்குவதை யாம் குறை கூறவில்லை. அவர் தொழில் வேறு.

நண்பர் முழுதும் உடன்பட்டாரில்லை. ஆயினும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இவ்வாண்டு கம்ப்ரஸர் வாங்குவதில்லை. அத்தொகையில் நல்ல மைக் இரண்டும், இருப்புப் பாதைக்கு எட்டத்திலுள்ள தெருவில் வாடகைக்கு ஓர் அறையும், அதன் சன்னலை உள்ளேயொரு செங்கற் சுவரால் அடைப்பதும், சுவர்களில் இலவம்பஞ்சு மெத்தை தொங்கவிடுவதும் ஆகும். பணம் மீந்தால் நகல் எல்.ஏ.-2ஏ ஒன்று வாங்கி, பதிந்த பின் படியெடுத்து அதனூடே செலுத்திப் பழகலாமென்று அவர்க்கு வாக்களித்திருக்கின்றோம். விசிறியைப் பதிவின்போது நிறுத்திவிடுவது; வேர்ப்பதைப் பொறுத்துக் கொள்வது.

சுவர் வேலை முடிந்துவிட்டது. எழுபது வயது கடந்த கூத்து வாத்தியார் ஒருவர் தை மாதத்தில் இரவு வேளையில் வர இசைந்துள்ளார். அவர் பாடும் பகுதி ஒன்று இருபது நிமிடம் நீளுமாம். எம்மவருள் இளையவர் ஒருவர் மூன்று இரவுகளாய் இரயிலடியில் அமர்ந்து, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே எத்தனை நிமிடம் கிடைக்கின்றதென்று ஏட்டிற் குறித்து வருகின்றார்.