கரிசற்காட்டுத் தோட்டத்தில் கினிக்கோழி

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை முதலிய கரிசற்பகுதிகளில் கினிக்கோழி வளர்ப்பைப் பற்றி விசாரிக்கும் குடியானவர்கள் பலர். இது வியாதியே அணுகாத பறவை என்பர் சிலர். பணம் கொழிக்கும் தொழில் என்பர் வேறு சிலர். இரண்டும் மிகையேயாம். கினிக்கோழி தோட்டத்து வீட்டுக்கு நல்ல துணை. ஆனால் குடும்பத்தின் முதலைக் கொட்டி நடத்தத்தக்க வியாபாரம் அன்று என்பதே நமது அபிப்பிராயம்.

இப்பறவை ஆப்பிரிக்காக் கண்டத்தைச் சேர்ந்தது. ஆகையால் வெயிலும் வறட்சியும் அதற்குப் புதியவை அல்ல. இஜ்ஜத்நகரிலுள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்னும் வகைகளை உண்டாக்கியிருக்கின்றனர். நன்கு பராமரித்தால் பெட்டை ஆண்டொன்றுக்குச் சுமார் 100 முட்டைகள் இடும். குஞ்சு 12 வாரத்தில் ஏறக்குறைய 1 கிலோ எடையை அடையும். பகலில் வெளியே மேய்ந்து பூச்சிகளையும் களை விதைகளையும் தின்பதால் தீனிச் செலவு குறைவு.

நமது பகுதியில் வீட்டார் பலர் காலையிலேயே பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைகளுக்குப் போய்விடத் தோட்டத்து வீடு பகல் முழுதும் வெறுமையாய்க் கிடக்கிறது. அந்நியரோ, நாயோ, கீரியோ, பாம்போ தலைகாட்டினால் கினிக்கோழிகள் கூடிக் கூச்சலிட்டு அறிவிக்கும். மாட்டுத் தொழுவத்தருகே மேய்ந்தால் உண்ணிகளையும் பொறுக்கும். 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, இப்பறவைகள் மேய்ந்த புல்தரையில் வளர்ந்த உண்ணிகள் குறைந்ததைக் காட்டிற்று. ஆனால் மக்காச்சோளக் குருத்துக்குள் ஒளிந்திருக்கும் படைப்புழுவை இது ஒழித்துவிடும் என்று நம்புதல் வீண். விதைப்புக் காலத்தில் அடைத்து வைக்காவிடில், விதைத்த தானியத்தையும் இளம் பயிரையுமே கொத்தித் தின்றுவிடும்.

இவ்வளவு கூச்சலிடும் பறவை நெருங்கிய தெருக்களுக்கு ஏற்றதன்று. அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலே மிஞ்சும். வெடிச் சத்தம் கேட்கும் இடங்களில், வளர்ந்த பறவைகளைப் புதிதாய் வாங்கி விட்டால் அவை மிரண்டு பறந்து போகக்கூடும். ஆகையால் குஞ்சுகளை அவ்விடத்திலேயே பொரித்து வளர்ப்பதே நலம்.

பொரிப்பதில் காலம் அறிதல் முக்கியம். பெட்டை கோடையில் தொடங்கிப் புரட்டாசி வரையில் முட்டையிடும். புதரில் ஒளித்து இடுவதால் தேடி எடுத்தல் வேண்டும். அடைகாப்பில் அதற்கு ஊக்கம் குறைவாதலால், அடைப்பருவத்திலுள்ள நாட்டுக்கோழியின் கீழ் வைப்பதே வழக்கம். கோழிமுட்டை 21 நாளில் பொரியும். இதற்கு 26 முதல் 28 நாள் ஆகும். ஆகையால் கோழியை இடையில் எழுப்பிவிடலாகாது. ஆனி முடிவுக்குள் அடைவைத்தால், ஐப்பசி மழை தொடங்குமுன் குஞ்சுகளுக்கு இரண்டு மாத வயது ஆகிவிடும். பெரிய பறவை எதையும் தாங்கும். குஞ்சோ ஈரத்தையும் குளிரையும் தாங்காது. முதல் இரண்டு வாரம் உலர்ந்த சாக்கு விரித்த கூண்டில் வெதுவெதுப்பாய் வைத்து, தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைக்கவேண்டும்; இல்லையேல் அதில் விழுந்து மடியும்.

நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். தோற்றத்தால் பால் அறிவது கடினம். குரலைக் கேட்டு அறியலாம். இரண்டு அசையாய் விட்டுவிட்டுக் கூவுவது பெட்டை. சேவல் ஒரே அசையாய்க் கத்தும். நாட்டுக்கோழியை விட வலிமை மிகுந்ததாயினும் வெள்ளைக் கழிச்சல் இதனை அறவே விட்டுவைக்கும் என்பதில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறையின் தடுப்பூசி முகாம்களில் கோழிகளுடன் இவற்றையும் சேர்த்துக் கொண்டுபோதல் வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றி ஒரு சொல். கொங்கு நாட்டில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் 2012-இல் நொடிந்தபோது, முன்பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் கை வெறுமையாயிற்று. பறவை அழகாகவே வளர்ந்தது. அதை வாங்குவார்தாம் இல்லை. கினிக்கோழியின் பேரால் முன்பணம் கேட்டு, வளர்ந்த பறவையைத் தாமே திரும்ப வாங்குவதாக உறுதிகூறி வருவோரிடம் குடியானவர்கள் ஒரு காசும் கொடுக்கலாகாது. இத்தகைய கூட்டங்கள் ஊரில் நடக்குமாயின் கிராம அதிகாரிகள் வாளாவிராது மேலிடத்துக்கு அறிவித்து, ஜனங்களையும் எச்சரித்தல் கடமை.

நிலத்தில் வீடுள்ளவர்கள் முதலில் ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் அளவில் தொடங்கி, முட்டையையும் இறைச்சியையும் வீட்டுக்கே உபயோகித்து, மிஞ்சியதைச் சந்தையில் விற்றுப் பார்க்கலாம். உள்ளூரில் வாங்குவோர் தொகையை அறிந்த பின்னரே தொகையைப் பெருக்குவது குடித்தனத்துக்கு ஏற்ற முறையாகும்.