இருவர் ஆளலாம், கேட்பார் வேண்டும்



‘ஓர் உறையில் இரு வாள் தங்காது’ என்பர். தாராவியிலோ, மாட்டுங்காவிலோ, செம்பூரிலோ, இங்கே நெருளிலோ, தமிழர் அமைப்பு ஒன்றில் இரு அணிகள் தோன்றினால் நம்மவர் இரண்டில் ஒன்றைச் செய்வர். ஓர் அணியை வெளியேற்றுவர். அல்லது ‘இருவருமே தலைவராக இருக்கட்டும்’ என்று சமாதானம் செய்வர். பின்னது நல்ல வழியே. ஆனால் அது பாதி வழிதான் என்பது நமது கருத்து.

பண்டைக் கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா நகர அரசை, இரு குடும்பங்களிலிருந்து வந்த இரு மன்னர்கள் ஒரே காலத்தில் ஆண்டனர். இம்முறை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. அவர்களிடையே பகை இல்லாமலில்லை. கி.மு. 506 அளவில் ஏதென்சு மீது படையெடுத்தபோது, கிளியோமினிசு, டெமராட்டசு என்னும் இரு மன்னரும் களத்திலேயே முரண்பட்டனர், படையெடுப்பு குலைந்தது. இனிப் படையோடு ஒரு மன்னரே செல்லவேண்டும் என்று ஸ்பார்ட்டா சட்டம் செய்தது. அதற்கும் மேலாக, ஆண்டுதோறும் குடிமக்கள் தேர்ந்தெடுத்த கண்காணிகள் ஐவர் இருந்தனர். ‘சட்டப்படி ஆள்வேன்’ என்று மன்னர்கள் மாதந்தோறும் அவர்களிடம் உறுதி கூறவேண்டும். ஹெலட்டுகள் என்னும் அடிமை உழவரின் முதுகில் நின்ற அந்த அரசு நமக்கு முன்மாதிரி அன்று. எனினும் இவ்வேற்பாடு எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் பாண்டியரிடமும் கூட்டாட்சி இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அரசகுலத்தார் பலர் ஒரே காலத்தில் ஆண்டனர். உடன்பிறந்த மன்னர் ஐவரை மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். ஆனால் மாறவர்மன் குலசேகரனுக்குப் பின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதியபோது, ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லவல்ல மன்றம் மேலே இல்லை. 1311இல் மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்தது.

மன்னராட்சி போய்விட்டது, நோய் போகவில்லை. 2017இல் அ.தி.மு.க.வின் இரு அணிகள் இணைந்தன. திரு. ஓ. பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், திரு. எடப்பாடி க. பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர் என்று பதவிகள் பிறந்தன. 2022 சூலை 11 பொதுக்குழுவில் அந்த இரட்டைத் தலைமை முடிந்தது, பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. எவர் பக்கம் நியாயம் என்பதன்று நமது கேள்வி. பதவியை இரண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு, இருவருக்கும் பொதுவான நடுவரை உண்டாக்க ஏன் தோன்றவில்லை என்பதே கேள்வி.

இது ஊர்க்கதை அன்று. தாராவி மறுசீரமைப்பில் வீடு கேட்டு அரசிடம் செல்லும்போதும், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்கும்போதும், ஒரே மக்களின் பெயரால் இரண்டு மனுக்கள் போனால் அதிகாரிக்கு வேலை மிச்சம். இரண்டையும் ஓரமாக வைத்துவிடுவார். இழப்பு தலைவர்களுக்கு அன்று, வாடகை வீட்டில் காத்திருக்கும் தொழிலாளிக்கு.

ஆகவே நாம் கூறுவது இதுதான்: இரு தலைவர் இருக்கட்டும். எவருக்கு எந்தப் பொறுப்பு என்று எழுதிவையுங்கள். பதவி எதுவும் வகிக்காத உறுப்பினர் ஐவரைப் பொதுக்குழு ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கட்டும். மாதந்தோறும் தலைவர்கள் இருவரும் அவர்கள் முன் கணக்கும் காரியமும் சொல்லட்டும். கேட்பாரற்ற இருவரைவிட, கேள்விக்குக் கட்டுப்பட்ட இருவரே நமக்குத் தேவை.