42 கிலோமீட்டர்... ரெண்டு ஸ்பூன் உப்பு!



'மாரத்தான்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடி வெள்ளை டி-ஷர்ட் குடுத்து, கொடி அசைச்சு, காலேஜ் கேட்ல இருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஓட விடுவாங்களே, அதுவா? அது மூணு கிலோமீட்டர் பாஸ்! அதுலயும் பாதி கூட்டம் வழியில இருக்கிற ஜூஸ் கடையில ஒதுங்கிடும். ஆனா, சாயங்காலம் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் 'மாரத்தான் முடிச்சாச்சு'ன்னு போட்டோ வந்திருக்கும்.

நிஜ மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அந்த வால் மாதிரி தொங்குற 195 மீட்டர் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 1908 லண்டன் ஒலிம்பிக்ல ஓட்டத்தை வின்ட்சர் அரண்மனையில ஆரம்பிச்சு, ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னாடி முடிச்சாங்க. அந்தத் தூரத்தையே 1921-ல உலகம் முழுக்க சட்டமாக்கிட்டாங்க. கடைசி 195 மீட்டர்ல கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும்போது யாரைத் திட்டணும்னு இப்போ புரிஞ்சிருக்குமே!

எனக்கு ஊரு மரக்காணம். ஈ.சி.ஆர்ல பாண்டிச்சேரி போறப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உப்பு அம்பாரம் குவிஞ்சு கிடக்குமே, அதே ஊர்தான். நீங்க வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்க. நாங்க அங்கேயே இருக்கோம்! 'சொந்த ஊரு மாரத்தான்'னு நாங்க உரிமை கொண்டாட பக்கத்துல இருக்கிறது ஆரோவில் மாரத்தான். அதே விழுப்புரம் மாவட்டம்தான், தெற்கால சுமார் 30 கிலோமீட்டர். 2008-ல ஆரம்பிச்சாங்க, பிப்ரவரி மாசம் நடக்கும். முதல் பரிசு, ரெண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. ஓடுறது சந்தோஷமா இருக்கா, அது போதும்னு சொல்ற பார்ட்டிங்க. ரேங்க் லிஸ்ட்லயே வளர்ந்த இன்ஜினீயரிங் பசங்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாத்தான் இருக்கும்.

பிப்ரவரியில ஓடணும்னா ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுடுங்க. வாரத்துல மூணு நாள் சின்னதா, ஞாயித்துக்கிழமை மட்டும் நீளமா. அந்த நீள ஓட்டத்தை வாரா வாரம் ஒண்ணு, ரெண்டு கிலோமீட்டர் கூட்டிக்கிட்டே போனா போதும். முதல் வருஷம் ஹாஃப் ஓடுங்க, ஃபுல் எங்கேயும் ஓடிப் போயிடாது. நானும் அப்படித்தான் ஹாஃப் முடிச்சு, அப்புறம் ஃபுல்லுக்கு வந்தேன். ஈ.சி.ஆர்ல ஓடுறவங்க எதிர்ல வர்ற வண்டி முகம் தெரியற மாதிரி வலது ஓரமா, பளிச்சுனு சட்டை போட்டுக்கிட்டு ஓடுங்க. பாண்டி பார்ட்டி முடிச்சுட்டுத் திரும்புற கார்களுக்கு விடியக்காலை நாலு மணியும் ராத்திரிதான்.

நடுவுல அக்டோபர்ல மழை வந்து எல்லாத்தையும் கெடுக்கும். உப்புப் பாத்தியெல்லாம் தண்ணிக்குள்ள முங்கிடும். நமக்கு பிராக்டீஸ் போகும், உப்பளத்து ஜனங்களுக்கு வேலையே போகும். மழை விட்டு, தண்ணி வடிஞ்ச பிறகுதான் மறுபடி பாத்தி மிதிக்க ஆரம்பிப்பாங்க. அந்தச் சேத்தை வெறுங்காலால மிதிச்சு மிதிச்சு, தரையை இறுக்கணும். இல்லேன்னா உப்போட சேறும் சேர்ந்து வந்துடும். அந்த சீசன்ல கழுவெளி பக்கம் ஓடினீங்கன்னா பூநாரை பார்க்கலாம். 2021-ல அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க.

அப்படி ஒரு ஜனவரி காலையில மிதிச்சுட்டு வரப்புல உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தங்க என்னை நிறுத்தினாங்க.

"தெனம் ஓட்றியே தம்பி, எதுக்கு?"

"அடுத்த மாசம் ஓட்டப்பந்தயம் ஆயா. 42 கிலோமீட்டர்."

"எம்மாந் துட்டு குடுப்பாங்கோ?"

"அவங்க குடுக்க மாட்டாங்க, நான்தான் கட்டணும்."

ஆயா பக்கத்துல இருந்த அக்காவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை என்னைச் சொல்ல வச்சாங்க. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே... அடுத்த அஞ்சு கிலோமீட்டருக்கு காதுலயே இருந்துச்சு. அப்புறம் ஆயா என் ஷூவைப் பார்த்து, "இது எவ்ளோ?"ன்னாங்க. விலையைச் சொல்லவே இல்ல, பேச்சை மாத்திட்டேன். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவோட அபெபே பிக்கிலா வெறுங்கால்ல ஓடி ஜெயிச்சார். நம்ம நாட்டு ஷிவ்நாத் சிங் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர் போனவர். 1978-ல அவர் 2 மணி 12 நிமிஷத்துல முடிச்ச மாரத்தானை, 40 வருஷத்துக்கு மேல இந்தியாவுல ஒருத்தராலயும் முந்த முடியலை. இதை ஆயாகிட்ட சொல்லியிருந்தா, "அப்ப உனக்கு எதுக்கு இது?"ன்னு அடுத்த கேள்வி வந்திருக்கும்!

சரி, பந்தய நாளுக்கு வருவோம். 2.30-க்கு அலாரம். வயிறு 'இது என்ன நேரம்?'னு முறைக்கும், இருந்தாலும் ரெண்டு இட்லியோ வாழைப்பழமோ உள்ளே தள்ளுங்க. புதுசா எதையும் அன்னிக்கு டெஸ்ட் பண்ணாதீங்க. புது ஷூ, புது சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஃப்ரெண்டு பைக் பின்னாடி உட்கார்ந்து ஈ.சி.ஆர்ல போறப்ப இருட்டுக்குள்ள அங்கங்கே டார்ச் வெளிச்சம் தெரியும். உப்பளத்துல வேலை தொடங்கியாச்சுன்னு அர்த்தம். வெயிலுக்கு முன்னாடி முடிச்சுடணும்கிற விஷயத்தை அவங்களுக்கு எந்த கோச்சும் சொல்லித் தரலை.

ஃபுல் மாரத்தான் இருட்டுலயே கிளம்பிடும். டார்ச் வெளிச்சத்துல முன்னாடி போறவங்க குதிகால் மட்டும்தான் தெரியும், சத்தம்னா செம்மண்ல கால் தேயற சத்தம். 1968-ல ஆரோவில் தொடங்கினப்ப இதெல்லாம் மழை அரிச்சுக் கொண்டுபோன மொட்டை மேடு. இப்போ அதே மண்ணுல அவங்க வளர்த்த காட்டுக்குள்ளதான் பாதை. ஆறரைக்கு மேல வெளிச்சம் வரும்போது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் முடிஞ்சிருக்கும். 'இவ்ளோதானா?'ன்னு தோணும். அப்படித் தோணுச்சுன்னா நீங்க சரியான வேகத்துல போறீங்க, அதுக்காக கியரை மாத்திடாதீங்க!

ஏன்னா 30-க்குப் பக்கத்துல சுவர் ஒண்ணு இருக்கு. தசையிலயும் ஈரல்லயும் சேர்த்து வச்ச மாவுச்சத்து தோராயமா 2,000 கலோரிக்குத்தான் தாங்கும். அது தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை எரிக்கும், ஆனா அந்த அடுப்பு மெதுவாத்தான் எரியும். கால் ரெண்டும் சிமென்ட் மூட்டையாயிடும். அதனால அந்தக் கட்டம் வர்றதுக்கு முன்னாடியே வாழைப்பழம், கடலை மிட்டாய்னு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போயிருக்கணும்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். கெமிக்கல் இன்ஜினீயரிங் பையன், கணக்கு போடாம விடமாட்டேன்! மணிக்கு ஒரு லிட்டர் வேர்வைன்னு வச்சுக்கோங்க. அஞ்சு மணி நேரத்துக்கு அஞ்சு லிட்டர். ஆளாளுக்கு மாறும், ஆனா ஒரு லிட்டர் வேர்வையில சுமார் ரெண்டு கிராம் உப்பு. மொத்தம் பத்து கிராம், அதாவது ரெண்டு டீஸ்பூன். ஒரு மாரத்தானுக்கு நம்ம உடம்புங்கிற பாத்தியில விளையற மகசூல் அவ்வளவுதான். ஒரு லிட்டர் கடல் தண்ணியில 35 கிராம் இருக்கு, நாம பக்கத்துலகூட வர முடியாது.

இதுல நிஜமான ஆபத்து ஒண்ணு இருக்கு, சிரிக்காம கேளுங்க. "தண்ணி குடி, தண்ணி குடி"ன்னு எல்லாரும் சொல்வாங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல முடிச்சு வந்த 488 பேரோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணினாங்க. அதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே! ஓடி முடிச்சப்ப எடை ஏறியிருந்தவங்கதான் அதிகமா மாட்டினாங்க. அதாவது, வேர்வையில போனதை விட அதிகமா குடிச்சிருக்காங்க. ரத்தத்துல சோடியம் ரொம்ப நீர்த்துப் போனா மூளை வீங்கும், உயிரே போகலாம். ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கா இருந்தாலும் அளவு மிஞ்சினா காப்பாத்தாது.

உங்க அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் போயிருக்கு. நடுவுல ஏதாவது குடிச்சிருந்தா அதையும் கூட்டிக்கோங்க. நான் அரிசி மண்டி தராசுல ஏறிப் பார்த்தேன், அண்ணாச்சி விலை மட்டும் கேட்கலை! ஓட்டத்துல தாகத்துக்கு மட்டும் குடிங்க. வெறும் தண்ணியா ஊத்தாம, உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ, ஓ.ஆர்.எஸ்ஸோ மாத்தி மாத்தி. உப்பளத்துல வெயில் நேரத்துக்கு தூக்குவாளியில வர்றதும் உப்பு போட்ட கஞ்சிதான். தலை சுத்தல், வாந்தி, குழப்பம்னு வந்தா ஹீரோயிசம் காட்டாம நின்னுடுங்க, மெடிக்கல் டீமைக் கூப்பிடுங்க.

35-க்கு மேல யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும், வெயில் பல்லைக் காட்டும். முன்னாடி இருக்கிற மரம் வரைக்கும் ஓடறது, அடுத்த மரம் வரைக்கும் நடக்கறதுன்னு பேரம் பேசிக்கிட்டே வாங்க. நான் அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல எடுத்துக்கிட்டேன். கோட்டைத் தாண்டினதும் தொப்புனு உட்காராதீங்க, பத்து நிமிஷம் நடங்க. கழட்டின டி-ஷர்ட்டுல வெள்ளை வெள்ளையா கோடு ஓடியிருக்கும், உங்க மகசூல் அதுதான்!

மறுநாள் காலேஜ். லேப் கண்டிப்பா மூணாவது மாடியிலதான் இருக்கும். ஏறுறது கஷ்டமே இல்ல, இறங்குறப்பதான் தொடை அலறும். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு பின்பக்கமா இறங்கிப் பாருங்க, வலி பாதியா குறையும். ஹெச்.ஓ.டி எதிர்ல வந்தா மட்டும் திரும்பிக்குங்க!