ரத்தமும் சீதமும் கண்டால் காத்திருக்காதீர்கள்!

"ரெண்டு நாளாகக் குழந்தைக்கு வயிறு போகுது. நடுநடுவே ரத்தமும் சளியும் வருது. இங்கிலீஷ் மருந்து சூடு என்கிறார்களே, சித்த மருந்திலேயே நிறுத்திடலாமா?" ஊட்டி, குன்னூர் பக்கத்துத் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நான் சொல்லும் பதில்: கூடாது. இன்றைக்கே குழந்தைகள் டாக்டரிடம் போங்கள்.

சாதாரண வயிற்றுப்போக்கு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்ட்டிபயாட்டிக் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல், டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரை, தாய்ப்பால், கஞ்சி போதும். ஆனால் காய்ச்சல், வயிற்று முறுக்கல், மலத்தில் ரத்தம் என்று வந்தால் அது சீதபேதி. 1897-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிகா கண்டுபிடித்த ஷிகெல்லா கிருமிதான் பெரும்பாலும் காரணம். அது பெருங்குடல் சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்கும். இதை மாதுளம்பழத் தோல் கஷாயத்தால் அடக்கிவிடலாம் என்று நாளைக் கடத்துவது ஆபத்து. எங்கோ நடக்கிற சமாசாரம் இல்லை இது. மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் 2020 டிசம்பரில் ஷிகெல்லா பரவி, ஒரு சிறுவன் உயிரே போனது.

இன்னொரு கோடியில் இருப்பவர்களும் உண்டு. போன தடவை மீந்த சிரப்பைக் கொடுப்பது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது, ரத்தம் நின்றதுமே மருந்தையும் நிறுத்துவது! இப்படி அரைகுறையாகக் கொடுப்பதால்தான் கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போகின்றன. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் முதல் மருந்தாகச் சொன்ன சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கே இன்று இந்தியாவில் பல ஷிகெல்லா கிருமிகள் மசிவதில்லை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பேதியைச் சட்டென்று கட்டும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

நம் மலையில் இன்னொரு சிக்கல். 'குளிரில் தண்ணீர் கொடுத்தால் சளி பிடிக்கும்' என்று பயந்து குழந்தையைக் காயப்போடாதீர்கள். வெதுவெதுப்பாகக் கொடுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொதி வந்தபின்னும் மூன்று நிமிஷம் விடுங்கள். ஊற்றுத் தண்ணீரானாலும் சரி, குழாய்த் தண்ணீரானாலும் சரி. குழந்தைக்குக் கால் கழுவி விட்டதும் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நூறு கிருமிகூட இல்லாமலே இந்த நோய் தொற்றும்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, பொழுது விடியட்டும் என்று இருக்காதீர்கள். நோய் தணிந்த பிறகு, பசி எடுக்கவும் உடம்பு தேறவும் எங்களிடம் வாருங்கள். எந்த நேரத்தில் யாரிடம் போவது என்று தெரிந்திருப்பதும் வைத்தியம்தான்.