பிரேக் லைட்டு எரியலைன்னா உங்களுக்கென்ன?

ஒரு சின்ன கேள்வி மக்களே. உங்க வண்டி ஹாரன் அடிக்கலைன்னா எத்தனை நாள் பொறுத்துப்பீங்க? அன்னிக்கு சாயங்காலமே மெக்கானிக் கடை வாசல்ல நிப்பீங்க. ஏசி காத்து வரலைன்னா? சொல்லவே வேணாம். சரி, பிரேக் லைட்டு எரியுதான்னு கடைசியா எப்போ பாத்தீங்க?

அதானே. யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏன்னா அது நமக்காக வச்ச லைட்டு இல்ல, பின்னாடி வர்றவனுக்கு வச்சது. ஓட்டறவன் கண்ணுக்கே தெரியாத ரிப்பேர் இது. அதனாலதான் நம்ம ஊர்ல எப்.சி. காட்டப் போற அன்னிக்கு மட்டும் எரியற பிரேக் லைட்டுங்க இத்தனை இருக்கு.

"பின்னாடி வர்றவன் இடைவெளி விட்டு வரணும்ல?" வரணும் சார், ஒத்துக்கறேன். ஆனா கணக்கு ஒண்ணு பாருங்க. 60 கிமீ வேகம்னா ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். முன்னாடி வண்டி நிக்குதுன்னு புரியறதுக்கு ஒரே ஒரு விநாடி லேட்டானா, அஞ்சு மாருதி 800-ஐ வரிசையா நிறுத்தின தூரம் காலி. மழை பெய்யற ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டுல அந்த அஞ்சு காரை எங்கிருந்து கொண்டு வருவீங்க? பின்னாடி வர்றது பைக்குன்னா, அவனுக்கு பம்பரும் கிடையாது.

இப்போ எங்க வீட்டு கதை. அப்பாவோட 2004 மாருதி 800 (அந்த மாடலையே 2014-ல நிறுத்திட்டாங்க, அப்பா நிறுத்தல). வலது பக்க பிரேக் லைட்டு மட்டும் எரியல. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல விட்டாரு. முதல் நாள் பல்பு மாத்தினாங்க. எரியல. ரெண்டாவது நாள் பெடலுக்கு மேல இருக்கற சுவிட்சை மாத்தினாங்க. அப்பவும் எரியல. மூணாவது நாள், "சார் பழைய வண்டி, பின்னாடி வயரிங் புல்லா மாத்தணும், நாலாயிரத்து ஐநூறு ஆகும்".

அந்த சுவிட்சு மாத்தின கூத்துதான் எனக்கு தாங்கல. இடது பக்கம் நல்லா எரியுதுய்யா! ரெண்டு லைட்டுக்கும் ஒரே சுவிட்சு, ஒரே ப்யூஸ். ஒண்ணு எரியுதுன்னா ரெண்டும் நல்லா இருக்குன்னு அர்த்தம். இதுக்கு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் வேணாம், ஒரு விநாடி யோசிச்சா போதும். ரெண்டு பக்கமும் எரியலைன்னா சுவிட்சு, ப்யூஸ் பக்கம் போகலாம். ஒரு பக்கம்னா அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த்து. புது பல்பு போட்டாச்சு, ஹோல்டர் சுத்தமா இருக்கு, அப்புறம் மிச்சம் என்ன?

"கரண்ட் வருது சார், நான் டெஸ்ட் லேம்ப் வச்சு பாத்தேன்"னாரு. பாத்தது உண்மைதான். எப்படி பாத்தாரு? டெஸ்ட் லேம்போட கிளிப்பை பாடியில மாட்டிட்டு பாத்தாரு. அதாவது நல்ல எர்த்தை இவரே கொண்டுவந்து குடுத்துட்டு, பளிச்சுன்னு எரியுதுன்னு சொல்றாரு. பல்புக்கு அந்த பாக்கியம் இல்லையே! கரண்ட் போற வழியை பாத்த மனுஷன் திரும்பி வர்ற வழியை பாக்கவே இல்ல. வயரிங்ல பாதி பிரச்சினை அந்த திரும்பி வர்ற வழியிலதான்.

இதை கண்டுபிடிக்க மீட்டர் கூட வேணாம். பார்க்கிங் லைட்டை போட்டுட்டு பிரேக்கை மிதிங்க. அந்தப் பக்கத்து டெயில் லைட்டு மங்குதா, இல்ல அணைஞ்சே போகுதா? எர்த்து போச்சு. ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை, 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் டெயிலுக்கு, ரெண்டுக்கும் எர்த்து ஒண்ணுதான். அது அறுந்துபோனா கரண்ட் ஒரு இழை வழியா நுழைஞ்சு இன்னொண்ணு வழியா அடுத்த லைட்டை தேடி ஓடும். இண்டிகேட்டரும் அதே எர்த்துல இருந்தா அதுவும் கூட சேர்ந்து பேய் மாதிரி மினுக்கும்.

மீட்டர் இருக்கா? பல்பை மாட்டியே வச்சுக்கிட்டு, ஒருத்தரை பிரேக்கை மிதிக்க சொல்லுங்க (ஆள் இல்லைன்னா பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல குடையை முட்டுக் குடுங்க). ஹோல்டர் எர்த்துக்கும், பாடியில பெயிண்ட் இல்லாத இரும்புக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். எனக்கு 11 காட்டிச்சு. பல்பை கழட்டிட்டு பாக்காதீங்க. லோடு இல்லாதப்போ, ஒரே ஒரு நூல் ஒட்டிக்கிட்டிருக்கற வயர் கூட 12 வோல்ட்னு சத்தியம் பண்ணும். எங்க ஆபீஸ்ல டெஸ்ட் சர்வர்ல எல்லாம் பாஸ் ஆகி, கூட்டம் வந்ததும் படுத்துக்கற சாப்ட்வேர் மாதிரிதான்.

டிக்கி ஓரத்து அட்டையை கழட்டினா உள்ள எர்த்து வயர் திருகு துரு பிடிச்சு பாடியோட உறவை முறிச்சுக்கிட்டு இருந்துச்சு. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, பல்லு வாஷர் வச்சு இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின். முடிஞ்சது. வயரிங் புல்லா மாத்தணுமாம்!

அதுக்காக மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டு போக மாட்டேன். நம்மளும் லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. "எர்த்து விட்டுப்போச்சு சார், தேய்ச்சு விட்டேன், முன்னூறு ரூபா குடுங்க"ன்னு அவர் சொன்னா குடுப்பீங்களா? "எதை மாத்தினே, காட்டு"ன்னு கேப்பீங்க. பொருளுக்குத்தான் காசு, கண்டுபிடிச்சதுக்கு காசு கிடையாது. நாள் பூரா ஒரு பக்கை தேடிட்டு கடைசியில ஒரு வரி மாத்தி, அதுக்கு எட்டு மணி நேரம் பில் போடற நாமதான் இப்படி கேக்கறோம். அப்போ அவரும் பல்பு, சுவிட்சு, வயருன்னு எதையாவது மாத்தித்தானே ஆகணும்?

பைக் ஆளுங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. பழைய 100 சிசி வண்டிங்க பலதுல ஹெட்லைட்டு இன்ஜின் மேக்னட்லேர்ந்து எரியும், பிரேக் லைட்டுக்கும் ஹாரனுக்கும் பேட்டரி வேணும். பேட்டரி செத்துப்போச்சு, கிக்கர்ல ஸ்டார்ட் ஆகுது, ஹெட்லைட்டு எரியுது, அப்புறம் எதுக்கு ஆயிரம் ரூபா செலவு? இப்படியே வருஷக்கணக்கா ஓட்டற புண்ணியவான் எங்க தெருவுலயே மூணு பேர் இருக்காங்க. ஹாரனுக்கு பதிலா வாயால கத்துவாங்க. பிரேக்குக்கு என்ன பண்ணுவாங்க, முதுகுல பல்பு எரியுமா? 2017 ஏப்ரல்லேர்ந்து புது டூவீலர்ல பகல்லயும் ஹெட்லைட்டு தானா எரியணும்னு கொண்டு வந்தாங்க. முன்னாடி தெரியறதுக்கு அவ்வளவு ஏற்பாடு. பின்னாடி? கால் பிரேக்கு பக்கத்துல ஒரு ஸ்பிரிங், அதுல தொங்கற சுவிட்சு, அதுல சேறு.

டிஸ்கி: டெயில் லைட்டு மேல கருப்பு பிலிம் ஒட்டறவங்க, பிரேக் புடிச்சா கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி மினுக்கற லைட்டு போட்டவங்க எல்லாம் இதுல தப்பிச்சதா நினைக்க வேணாம். உங்களுக்கு தனிப் பதிவு இருக்கு.